மூன்றாம் நாள் என்றால் எந்த நாள்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று நகர்ந்துவிடாமல் கடைசி வரை படியுங்கள். சுகாதாரத் துறையிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

போன மாதம் ஒரு நாள் மாலை, பிள்ளையார்பாளையத்திலிருந்து என்னிடம் படித்த ஒரு பையன் வந்தான். பையன் என்று சொல்கிறேனே தவிர, அவனுக்கே எட்டு வயதில் ஒரு மகன் இருக்கிறான். பட்டு நெசவு, வீட்டிலேயே தறி. கையில் ஒரு சின்னச் சீட்டு வைத்திருந்தான்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. எனக்குக் கணக்கே வராதுன்னு நீங்க அப்பவே சொல்வீங்க. சரியாத்தான் போச்சு."

சீட்டில் நான்கு எண்கள்: 0, 3, 7, 28. அவன் மகனைத் தெருநாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. திங்கட்கிழமை முதல் ஊசி போட்டார்கள். அடுத்தது மூன்றாம் நாள் என்றார்களாம். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு, புதன் மூன்று. புதன்கிழமை தறியை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். "இன்னைக்கு இல்லை, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமை மறுபடியும் போய்ப் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு நாள் தறி நின்றது. அடுத்ததிலும் தப்பு செய்துவிடக் கூடாதே என்றுதான் என்னைத் தேடி வந்திருக்கிறான்.

கணக்கு வராதது அவனுக்கு அல்ல. ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகளை வைத்து வேலை செய்கிறவன் அவன். ஒரு புட்டா தள்ளி விழுந்தால் பத்தடி தூரத்திலிருந்து சொல்வான். தப்பு அந்தச் சீட்டில் இருக்கிறது.

நம்மூரில் நாளை எப்படி எண்ணுகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். கொடியேற்றும் நாள் முதல் நாள். மூன்றாம் நாள் கருட சேவை, ஏழாம் நாள் தேர். திங்கட்கிழமை கொடி ஏறினால் புதன்கிழமை கருட சேவை, ஞாயிற்றுக்கிழமை தேர். காஞ்சிபுரத்தில் சின்னக் குழந்தையும் இப்படித்தான் எண்ணும். நவராத்திரியும் அப்படித்தான், துக்க வீட்டில் பதினாறாம் நாளும் அப்படித்தான். தொடங்கிய நாளையே ஒன்று என்று எண்ணுவது நம் வழக்கம்.

மருத்துவர்கள் முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணுகிறார்கள். அவர்களுடைய மூன்றாம் நாள் வியாழன், ஏழாம் நாள் அடுத்த திங்கள். இரண்டு எண்ணிக்கையிலும் தவறில்லை. ஆனால் ஒன்றை இன்னொன்றாக மாற்றித் தர வேண்டிய பொறுப்பு எழுதுகிறவருடையது. காய்ச்சலோடு பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படிக்கிறவருடையது அல்ல.

நான் அந்தச் சீட்டின் பின்பக்கம் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"முதல் ஊசி போட்டது திங்கட்கிழமை. இரண்டாவது ஊசி அதே வாரம் வியாழக்கிழமை. மூன்றாவது அடுத்த திங்கட்கிழமை. நான்காவது, முதல் ஊசி போட்டதிலிருந்து நான்கு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமை."

தேதிகளையும் பக்கத்திலேயே போட்டேன். அவன் படித்துவிட்டு, "இவ்வளவுதானா டீச்சர்?" என்றான். இவ்வளவுதான். (தோலுக்குள் போடும் ஊசிக்கு இந்த நான்கு நாட்கள். தசையில் போடுகிற முறையில் 14ஆம் நாளும் ஓர் ஊசி உண்டு. உங்களுக்கு எந்த முறை என்று கேட்டுத் தேதியாகவே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.)

பிறகு பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னான். நாய் கடித்தவுடன் என்ன செய்வது என்று போனில் தேடினானாம். தமிழில் ஒரு பக்கம் வந்தது. இந்த நோயை உண்டாக்குவது எந்தக் கிருமி, அது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, உலகில் எங்கெல்லாம் இருக்கிறது என்று ஆறு பத்தி. ஏழாவது பத்தியில்தான் "காயத்தினைச் சோப்பு மற்றும் ஓடும் நீரினால் கழுவுதல் அவசியமாகும்" என்று இருந்தது. அவன் ஏழாவது பத்திக்கு வருவதற்குள் வீட்டில் பாட்டி காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசியாகிவிட்டது.

நண்பர்களே, வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு ஆளைக் காப்பாற்ற இன்றுவரை மருந்து இல்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் கடித்த உடனே கால் மணி நேரம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, தாமதிக்காமல் ஊசி போட்டு, எல்லா ஊசியையும் முடித்துவிட்டால் தடுத்துவிடலாம். ரத்தம் வரும் அளவுக்குக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும், அதை மருத்துவர் முடிவு செய்வார். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் பூசக்கூடாது. இதைத்தான் முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டும். கிருமியின் குலம் கோத்திரம் பிறகு வரட்டும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2017 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஆண்டு பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாடு முழுக்க நடந்தது. ஒன்பது மாதக் குழந்தை முதல் பதினைந்து வயதுக்குட்பட்டவர்கள் எல்லோருக்கும் ஊசி. பள்ளிக்கூடங்களிலேயே போட்டார்கள். நான் ஓய்வு பெற ஓராண்டுக்கு மேல் இருந்தது. முகாம் தொடங்குவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி வந்துவிட்டது. பெண் பிள்ளைகளுக்குப் பின்னாளில் குழந்தை பிறக்காது, வெளிநாட்டுச் சதி, அது இது என்று. பல ஊர்களில் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாம் மார்ச் மாதத்துக்கும் நீண்டது.

எங்கள் பள்ளி வாசலிலும் தாய்மார்கள் நின்றார்கள். அவர்கள் கேட்டது நான்கே கேள்வி.

"சின்ன வயசிலேயே போட்டாச்சே, மறுபடி எதுக்கு?"
"ஆஸ்பத்திரியில போடாம பள்ளிக்கூடத்துல ஏன் போடுறாங்க?"
"ஜுரம் வந்தா யாரு பார்ப்பாங்க?"
"பொண்ணுக்கு நாளைக்குக் குழந்தை பிறக்குமா?"

எங்கள் கைக்கு வந்திருந்த தாளை எடுத்துப் பார்த்தேன். முகாமின் நோக்கம் இருந்தது. நூறு சதவீத இலக்கு இருந்தது. "பெற்றோர் முழு ஒத்துழைப்பு நல்கிட வேண்டும்" என்று இருந்தது. இந்த நான்கு கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

வதந்தியில் நான்குக்கும் பதில் இருந்தது. எல்லாம் பொய். ஆனால் நான்கு வரிகளில், பேசுகிற தமிழில், "உங்க பிள்ளை" என்று தொடங்கி "அனுப்பாதீங்க" என்று முடிந்தது. அதை எழுதியவன் யாரோ தெரியாது. ஆனால் ஒரு தாயின் வயிற்றில் என்ன பயம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. நமக்குத் தெரியவில்லை. நாற்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கு அன்று வந்த வெட்கம் சாதாரண வெட்கம் அல்ல.

கிராம சுகாதார செவிலியரை உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக் கரும்பலகையில் எழுதினேன். முன்பு போட்டிருந்தாலும் இன்னொரு முறை போட்டால் கெடுதல் இல்லை, முதல் ஊசி சரியாகப் பிடிக்காத பிள்ளைக்கும் இது காப்பு. எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் பள்ளிக்கூடத்தில் போடுகிறார்கள். கர்ப்பிணிக்கு முதல் சில மாதங்களில் ரூபெல்லா வந்தால் வயிற்றுக் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கலாம். ஆகவே இந்த ஊசி உங்கள் மகளின் நாளைய பிள்ளைக்குக் கெடுதல் செய்வதல்ல, காப்பது. ஜுரம் பற்றி, "சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சலோ தடிப்போ வரலாம், இரண்டு மூன்று நாளில் போய்விடும், போகாவிட்டால் இன்னாரிடம் வாருங்கள்" என்று எழுதினேன்.

அந்தக் கடைசி வரியை எழுத வேண்டாம் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். "ஜுரம் வரும்னு நாமளே எழுதினா யாரு வருவா டீச்சர்?" நியாயமான பயம்தான். நான் அழிக்கவில்லை. பிள்ளைகள் வீட்டுப்பாட நோட்டில் எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் பாதிக்கு மேல் பிள்ளைகள் அப்பா அம்மா கையெழுத்தோடு வந்தார்கள். ஒரு தாய் என்னிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "ஜுரம் வரலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க. மறைக்கலை. அதான் அனுப்பினேன்."

எழுதுவது ஒரு தொழில். அது பட்டம் வாங்கினால் தானாக வந்துவிடாது. நெசவு போலத்தான், பழக வேண்டும், பழக்க ஒருவர் வேண்டும். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் பாடக் குறிப்பு எழுதினால் மட்டும் விட மாட்டார்கள். நிஜமான வகுப்பில் நிஜமான பிள்ளைகள் முன் நிறுத்துவார்கள். பயிற்றுநர் கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருப்பார். நாம் என்ன சொன்னோம் என்பதைவிட, பிள்ளைகள் முகத்தில் என்ன தெரிந்தது என்பதைத்தான் அவர் எழுதுவார். சுகாதாரச் செய்தி எழுதும் நம் ஆட்களில் எத்தனை பேர், தாங்கள் எழுதியதை ஒருவர் படிக்கும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற பெயரைப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை தருகிறார்கள். பெயரைக் கேட்டவுடன் என்ன திட்டம் என்று பாட்டிக்கும் புரிகிறது. அதே திட்டத்தைப் பற்றிய அறிவிப்பில் "தொற்றா நோய்கள்" என்று வரும்போது புரியாமல் போகிறது. சர்க்கரை வியாதிக்காரர் தன்னைத் "தொற்றா நோயாளி" என்று என்றைக்காவது நினைத்திருப்பாரா? அவர் தேடுவது "சுகர்". அந்தச் சொல் பக்கத்தில் இல்லை என்றால் அவர் தேடும்போது அந்தப் பக்கமே அவர் கண்ணில் படாது.

சுகாதாரக் கல்வியாளர்களை உருவாக்கும் மரபும் நமக்குப் புதிதல்ல. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் 1964இல் தொடங்கிய ஊரக சுகாதாரம் மற்றும் குடும்ப நலத்துக்கான நிறுவனம் சுகாதாரக் கல்விக்கென்றே பட்டயப் படிப்பு நடத்தி வருகிறது. கூட்டம் போட்டுப் பேசுவது, படம் காட்டுவது, நாடகம் போடுவது, வீடு வீடாகப் போவது எல்லாவற்றிலும் நம் ஆட்கள் கெட்டிக்காரர்கள். நேரில் பேசும் செவிலியர் அம்மா அழகாகத்தான் பேசுகிறார். அவரே போனில் போட எழுத உட்கார்ந்தால் "அறிவுறுத்தப்படுகிறது", "மேற்கொள்ளப்பட வேண்டும்" என்று வேறு ஆளாகிவிடுகிறார். அந்த மாற்றம் ஏன் வருகிறது என்பதில்தான் பயிற்சி தொடங்க வேண்டும்.

மருத்துவத்தை எளிய தமிழில் சொல்ல முடியாது, துல்லியம் கெட்டுவிடும் என்று ஒரு வாதம் உண்டு. 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பிறகு மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே பாடம் நடத்தி மருத்துவர்களை உருவாக்கினார். ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் மருத்துவப் படிப்பையே தமிழில் நடத்த முடிந்தது. இன்று "காயத்தைக் கழுவு" என்பதை எழுத முடியாதா? "திங்கள், வியாழன், அடுத்த திங்கள்" என்பது "0, 3, 7" என்பதைவிட எந்த விதத்தில் துல்லியம் குறைந்தது? கூடத்தான் செய்திருக்கிறது. எளிமை என்பது உண்மையைக் குறைப்பதல்ல, படிக்கிறவரின் வேலையைக் குறைப்பது. அமெரிக்காவில் அரசு அலுவலகங்கள் மக்களுக்குப் புரியும்படி எழுத வேண்டும் என்று 2010இல் சட்டமே போட்டார்கள். பணக்கார நாட்டுக்கே சட்டம் தேவைப்பட்டது என்றால், இது படிப்பறிவில்லாதவர்களுக்குக் காட்டும் கருணை அல்ல, எல்லோருக்கும் தேவையான ஒழுங்கு என்று புரிந்துகொள்ளலாம்.

சரி, குறை சொன்னால் போதாது. எனக்கு ஐந்து நாள் கொடுத்தால் எப்படிப் பயிற்சி கொடுப்பேன் என்று எழுதுகிறேன்.

முதல் நாள்: யாரும் எதுவும் எழுதக்கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டு வாங்கும் வரிசையில் போய் உட்கார வேண்டும். மக்கள் ஒருவருக்கொருவர் என்ன கேட்டுக்கொள்கிறார்கள், எந்தச் சொல்லில் கேட்கிறார்கள் என்று காது கொடுக்க வேண்டும். 104 எண்ணுக்கு வரும் கேள்விகளையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகள்தான் தலைப்புகள். "வெறிநோய்த் தடுப்பு குறித்த பொதுத் தகவல்கள்" என்பது தலைப்பு அல்ல. "நாய் கடித்துவிட்டது, இப்போது என்ன செய்வது?" என்பதுதான் தலைப்பு.

தட்டம்மையை நம் தெருவில் எப்படிச் சொல்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரியும். "மணல்வாரி" என்பார்கள். "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அந்த வீட்டுக்குப் போய் மூடநம்பிக்கை என்று எழுதினால் கதவைச் சாத்திக்கொள்வார்கள். "வேப்பிலை இருக்கட்டும், ஆத்தாளைக் கும்பிடுங்கள், பிள்ளை மூச்சு வாங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்று எழுதினால் பிள்ளை பிழைக்கும்.

இரண்டாம் நாள்: ஒரு அட்டை, ஒரு செய்தி. 2007 வாக்கில் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது அட்டைகள் வந்தன. ஒரு அட்டையில் ஒரு திறன்தான். அதை முடித்த பிள்ளை ஏணிப்படியில் அடுத்ததுக்குப் போகும். போன் திரையும் அந்த அட்டை அளவுதான். அதில் முதலில் வர வேண்டியது செய்ய வேண்டிய காரியம். பிறகு காரணம். பிறகு எங்கே போவது, யாரைக் கேட்பது.

ஓர் எடுத்துக்காட்டு. "கொசுப்புழு உற்பத்தி ஆதாரங்களைக் கண்டறிந்து அழித்திட வேண்டும்." இது எனக்கே புரிய இரண்டு முறை படிக்க வேண்டியிருக்கிறது. இப்படி எழுதலாம்: "வாரத்தில் ஒரு நாள், மொட்டை மாடித் தொட்டி, பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தட்டு, வாசலில் கிடக்கும் பழைய டயர், கொட்டாங்குச்சி எல்லாவற்றிலும் இருக்கும் தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் காயவையுங்கள். ஏன் வாரம் ஒரு நாள்? முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதற்குள் கொட்டிவிட்டால் கொசு இல்லை."

காஞ்சிபுரத்துக்கு எழுதினால் இன்னொரு வரியும் சேர்க்க வேண்டும். டெங்கு கொசு பகலில் கடிக்கும். நம் நெசவாளி பகல் முழுக்கக் குழித்தறியில் காலை விட்டுக்கொண்டு, வெளிச்சம் குறைந்த கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு "இரவில் கொசுவலை பயன்படுத்துங்கள்" என்று மட்டும் சொன்னால் என்ன பயன்? ஒரே செய்தி ஊர் முழுக்கப் போகலாம், ஆனால் ஊருக்கு ஒரு வரி அந்த ஊர்க்காரர் எழுத வேண்டும்.

மூன்றாம் நாள்: எழுதியதை எடுத்துக்கொண்டு பத்து பேரிடம் போக வேண்டும். தறிக்காரர் வீடு, பூக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு. படிக்கச் சொல்ல வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்கக்கூடாது. எந்த வகுப்பிலும் "புரிந்ததா?" என்றால் "புரிந்தது டீச்சர்" என்றுதான் குரல் வரும். "இதைப் படித்தபிறகு நாளைக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் திருப்பிச் சொல்வது நாம் நினைத்தது இல்லை என்றால், தப்பு அவருடையது அல்ல. அந்தச் சீட்டை யாராவது ஒரு தறிக்காரரிடம் காட்டி "இரண்டாவது ஊசி எந்தக் கிழமை?" என்று கேட்டிருந்தால் முதல் நிமிடத்திலேயே பிழை தெரிந்திருக்கும்.

நான்காம் நாள்: படிக்கத் தெரியாதவர்கள், படிக்க நேரமில்லாதவர்கள். தறியில் உட்கார்ந்தவருக்கு இரண்டு கையும் வேலையில். அவர் போனைக் கேட்கிறார், படிப்பதில்லை. ஆகவே இரண்டு நிமிடக் குரல் பதிவு எழுத்தைவிட அவருக்கு முக்கியம். எழுத்தைப் படத்துக்குள் போட்டு அனுப்பினால் போன் அதை எளிதில் வாசித்துக் காட்டாது, கண் தெரியாதவருக்கும் வயதானவர்களுக்கும் அது வெறும் படம். தேடினாலும் கிடைப்பது கடினம். அதிலும் பாதி இடம் முத்திரைகளுக்கும் புகைப்படங்களுக்கும் போய்விட்டால் மிச்சம் எறும்பெழுத்துதான். ஒவ்வொன்றிலும் தேதி வேண்டும். ஊரடங்கு காலத்துச் செய்தி இன்றும் எனக்கு வந்துகொண்டிருக்கிறது.

மொழியைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமும் போக வேண்டும். 2021 மே மாதம் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் கோவின் தளத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தபோது, அது ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழ் பிறகுதான் வந்தது. அலை உச்சத்தில் இருந்த நாட்களில் எங்கள் தெருவில் பலருக்கு நான்தான் பதிவு செய்து கொடுத்தேன். ஆங்கிலம் தெரிந்த பக்கத்து வீட்டார் இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

ஐந்தாம் நாள்: வதந்திக்குப் பதில் எழுதுவது. வதந்தியைத் தலைப்பில் போட்டு "பொய்" என்று சிவப்பு முத்திரை குத்தினால், பலருக்கு வதந்திதான் மனதில் நிற்கும். உண்மையை முதலில் சொல்ல வேண்டும். பொய்யை ஒரே முறை சொல்லி, ஏன் பொய் என்று விளக்கி, மறுபடி உண்மையில் முடிக்க வேண்டும். பக்க விளைவு இருந்தால் மறைக்கக்கூடாது. கேள்வி கேட்ட தாயைத் திட்டக்கூடாது. சொல்லைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். கொரோனா நேரத்தில் "சமூக இடைவெளி" என்று எழுதினார்கள். சமூகத்தில் இடைவெளி என்றால் நம் ஊரில் அதற்கு வேறு ஒரு நீண்ட வரலாறு உண்டு. "ஆறடி தள்ளி நில்லுங்கள்" என்றால் யாருக்கும் மனம் புண்படாது, அளவும் தெரியும்.

இவ்வளவுதான் என் பாடத்திட்டம். பெரிய செலவு இல்லை.

"டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருக்கிற வேலையில் இது வேறா?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். அவர்கள் தலையில் இதையும் கட்ட வேண்டாம். மாவட்டத்துக்கு இரண்டு பேரை இதற்கென்றே பழக்குங்கள். மருத்துவர் உண்மையைச் சரிபார்க்கட்டும், பழகியவர் எழுதட்டும், ஊர்க்காரர் படித்துச் சொல்லட்டும். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் ஒவ்வொரு ஊரிலும் சும்மா உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளை எந்த இடத்தில் முழிப்பான் என்று எங்களுக்குத் தெரியும். எங்களைக் கூப்பிடுங்கள். காபி கொடுத்தால் போதும்.

நம் மாவட்டத்து உத்திரமேரூரில், ஊர்ச் சபைக்கு யாரைத் தேர்ந்தெடுக்கலாம், யாரைக் கூடாது என்ற விதிகளை பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆண்டுகளில், சபை கூடும் இடத்துச் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள். ஊரார் கூடும் இடத்தில், ஊரார் மொழியில். இன்று ஊரார் கூடும் சுவர் போன்தான். அந்தச் சுவரில் பொய் சொல்கிறவர்கள் தினமும் தெளிவாக எழுதிவிட்டுப் போகிறார்கள். உண்மை சொல்கிறவர்கள் மட்டும் ஏன் புரியாமல் எழுத வேண்டும்?

அந்தப் பிள்ளைக்கு மூன்றாவது ஊசியும் சரியான திங்கட்கிழமை போட்டாகிவிட்டது. நான்காவது வருகிற வாரம். அவன் அப்பா தறி மேல் சுவரில் என் சீட்டை ஒட்டி வைத்திருக்கிறானாம். "பக்கத்துத் தெருவுல ஒருத்தரை நாய் கடிச்சுது டீச்சர். அவருக்கும் இதே மாதிரி கிழமை போட்டு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றான்.

கணக்கில் முப்பத்தைந்து வாங்கத் திணறிய பையன் அவன். இப்போது அவன் எழுதிய சீட்டு இன்னொரு வீட்டில் இருக்கிறது. அதைப் படித்தவர் சரியான நாளில் போய்விட்டார் என்றால், இந்த வேலையைப் பழக்கிவிட முடியும் என்பதற்கு வேறு சான்று எனக்குத் தேவையில்லை.

சுகாதாரத் துறையில் இருக்கும் என் பிள்ளைகளே, இன்று நீங்கள் அனுப்பப் போகும் செய்தியை, அனுப்பும் முன் வீட்டில் அம்மாவிடம் ஒரு முறை படித்துக் காட்டுங்கள். "அப்படின்னா என்னடா?" என்று அவர் கேட்டால், அந்த வரியை மாற்றி எழுதுங்கள். இதுதான் டீச்சர் தரும் வீட்டுப்பாடம்.

உங்களுக்குப் புரியாத மருத்துவச் சீட்டு, அறிவிப்பு ஏதாவது இருந்தால் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பெயர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் வேண்டாம், வாக்கியம் மட்டும் போதும். எப்படி எளிதாக எழுதலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.